ஒட்டுப்பால் என்றால் என்ன பால்?

இருமல் சத்தம்தான் முதலில் உள்ளே வந்தது. பிள்ளை பிறகுதான் வந்தான்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். காலை முழுக்க வெயில் எரித்துவிட்டு அப்போதுதான் மழை பிடித்திருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் தகரக் கூரையில் அது போட்ட இரைச்சலில் யாரும் யாரோடும் சாதாரணக் குரலில் பேச முடியவில்லை. வாசலில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. அதிலிருந்து ஒரு பெண் குதித்து ஓடிவந்தாள். இடுப்பில் ஒரு பையன். பின்னால், காலில் செருப்பில்லாமல், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

அந்தப் பெண் பாவாடைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். சட்டை முழுக்கப் பழுப்புக் கறை. முன்கைகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து, தோல் உரிவது போல உரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்ததும் ஒரு புளித்த வாடை.

"டாக்டரம்மா, ஒட்டுப்பால் பொரையேறிருச்சுங்க! பத்து மணிலேருந்து இப்புடித்தான் இழுக்குறான்!"

விளங்கியது போலத் தலையாட்டிவிட்டு, பையனை வாங்கிக் கட்டிலில் உட்கார்த்தினேன். பெயர் நிரோஷன், நாலு வயது முடிந்து இரண்டு மாதம். எத்தனை கிலோ என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு எந்த மருந்தும் எடையைப் பார்த்துத்தான். பெரும்பாலான தாய்மாருக்குத் தங்கள் பிள்ளையின் எடை தெரியாது. ராஜேஸ்வரி என்ற இந்தத் தாய், "பதிமூணு இருப்பாங்க" என்றாள். தராசு பதின்மூன்றே கால் காட்டியது. தினமும் பால் வாளி தூக்குகிற கை.

நான் தாதியிடம் திரும்பி, டின்பால் புரையேறிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னேன். தாதி ராஜேஸ்வரியைப் பார்த்து, "கிரி த?" என்றார். பால்தானா என்று அர்த்தம். ராஜேஸ்வரி வேகமாகத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலோடு விஷயம் முடிந்துவிட்டதாக நான் நினைத்தேன்.

அம்மாவின் கேள்வி

பத்திரிகையில் இந்தத் தொடரைத் தொடங்கியதிலிருந்து என் அம்மா ஒவ்வொரு இதழையும் எங்கள் கடையில் வைத்து வாசித்துவிட்டு எனக்கு போன் எடுப்பார். போன வாரம் கேட்டார்: "ஏண்டி, ஒவ்வொரு வாரமும் நீ புள்ளயக் காப்பாத்திட்டே இருக்கியே. ஒனக்கு ஒண்ணுமே தப்பாப் போகலயா?"

அம்மாவுக்குப் பதில் சொல்வது சிரமம். ஆகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கேகாலை மாவட்டம், ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த இடம், ஆறு பக்கத்தில் ஓடும். அவ்வளவு போதும்.

போர் நிறுத்தம் முறிந்து, கொழும்புப் பாதையில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்திருந்த காலம் அது. நான் பயிற்சியை முடித்து வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

எல்லாரும் கூப்பிடும் ஆள்

அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் டொக்டர் என்றால் நான் ஒருத்திதான். அதை நான் எவ்வளவு ரசித்தேன் என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எந்த நோயாளர் விடுதிக்குத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்தாலும் எனக்கு அழைப்பு வரும். சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு ஓடுவேன். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவேன். என் வேலை நேரம் முடிந்தாலும் ஓடுவேன். "மேல் நோவு" என்றால் உடம்பு முழுக்க வலி, "நெஞ்சடைப்பு" என்று எல்லாரும் சொல்வதெல்லாம் மாரடைப்பு அல்ல என்று சிங்கள டொக்டர்களுக்கு வகுப்பெடுப்பேன். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் பேசி முடிப்பதற்குள் நோயாளி இன்னும் எதையாவது சொல்லியிருப்பார். அது வேறு கதை.

ஒருமுறை ஒரு தாதி தமிழ் பழக வேண்டும் என்று கேட்டு, "எங்க நோகுது?" என்று மனப்பாடம் செய்தார். பிறகு ஒரு கிழவரிடம் போய், "எங்க போகுது?" என்று கேட்டுவிட்டார். அவர், "யட்டியாந்தோட்டைக்குங்க, ஒண்ணரை மணி பஸ்ஸு" என்றார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தேன். மொழி தெரியாத மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு அப்போது அவ்வளவு சுலபம்.

உண்மையில் நான் பிறந்தது கேகாலை டவுனில், பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கடை வீதியில். அப்பாவுக்குச் சில்லறைக் கடை. ரப்பர் தோட்டத்தை பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக மரம், மரத்துக்கு மரம் ஒரு சிரட்டை. அதற்குள் ஒருநாளும் இறங்கி நடந்ததில்லை. அங்கிருந்து வருகிறவர்கள் கடைக்கு வந்து மாவும் சீனியும் வாங்குவார்கள், நானும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று அவர்களோடு தமிழில் பேசுவேன். ஒரே தமிழ் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கடையின் மேல் தட்டில் டின்பால் அடுக்கியிருக்கும். நசுங்கிய டின் ஒன்று கிடைத்தால் அது எனக்கும் தம்பிக்கும். ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு உறிஞ்சுவோம். விரலில் ஒட்டும், உதட்டில் ஒட்டும், புத்தகத்தில் ஒட்டும்.

ஒட்டுப்பால் என்று ராஜேஸ்வரி சொன்னபோது எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்பதை உணர்வதற்குக்கூட நான் நேரம் கொடுக்கவில்லை. ஒட்டுகிற பால், அப்படியானால் டின்பால். ஒரு நொடியில் பூர்த்தியாகிவிட்டது.

சுத்தமான எக்ஸ்ரே

நெபுலைசர் முகமூடியைப் பொருத்தினோம். நிரோஷன் அதைப் பிடித்து இழுத்தான், உதைத்தான், தலையை ஆட்டினான். அவனுடைய அக்கா கட்டிலின் மறுபக்கம் வந்து நின்று ஏதோ மெல்லச் சொன்னாள். உடனே அடங்கினான். அவள் பெயர் யசோதா. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்தபடியே நின்றாள்.

பிள்ளைகளைப் பார்ப்பதில் எனக்கு இன்றுவரை போகாத பயம் ஒன்று உண்டு. பெரியவர்கள் மெல்ல மெல்லச் சரிவார்கள். பிள்ளைகள் நன்றாக இருப்பது போலவே இருந்துவிட்டு ஒரே நிமிடத்தில் கைவிட்டுப் போவார்கள். அதனால் ஏதாவது ஒன்று நன்றாகத் தெரிந்தால் அதை இறுகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அன்று எனக்கு நன்றாகத் தெரிந்தது இருமல். அது குறைந்துகொண்டே வந்தது, கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. எனக்குக் கழுத்து வலி இறங்கியது போல இருந்தது.

நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டேன். இடது பக்கம் காற்று போய்வருகிற சத்தம், கொஞ்சம் விசில். வலது பக்கம் குறைவு. கூரையில் மழை, பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த பையனின் அலறல். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எக்ஸ்ரே எடுத்தோம். வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். சுத்தம்.

பிறகு நான் ராஜேஸ்வரியை ஏசவும் செய்தேன்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு ஏன் அதக் குடுத்தீங்க?"

"நாங்க ஏங்க குடுக்குறோம்? அவனா எடுத்து வாயில போட்டுக்கிட்டான். புள்ளைங்களப் பாத்துக்குற புள்ளக்காம்பரா ஆயாம்மா இன்னிக்கு லீவு. நான் மலையில மரம் வெட்டிக்கிட்டு நிக்கிறேன், இந்தக் குட்டிகிட்டதான் விட்டுட்டுப் போனேன்."

"சரி சரி. இனிமே கைக்கு எட்டாத எடத்துல வைங்க."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். கைக்கு எட்டாத இடத்தில் எப்படி வைப்பது? அது மரத்துக்கு மரம் கிடக்கிற சாமான். எனக்கு அது தெரியாது. வாயில் போட்டுக்கொண்டான் என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. டின்பாலை யாராவது வாயில் போட்டுக்கொள்வார்களா? குடிப்பார்கள், நக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்த ஒரு வினைச்சொல் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு காகிதத் துண்டில் மருந்து எழுதினேன். வீட்டுக்குப் போகலாம், இரண்டு நாள் கழித்துக் காட்டவும். கையெழுத்துப் போட்டேன்.

"இன்னும் ஒரு மாதிரியா இழுக்குறானே டாக்டரம்மா."

"ரெண்டு நாள்ல சரியாயிரும்."

துடைப்பத்தோடு வந்தவர்

குசுமா அக்கா எங்கள் பிரிவின் சிற்றூழியர். ஐம்பதை நெருங்கிய சிங்களப் பெண்மணி. நெபுலைசரின்போது நிரோஷன் கக்கியதைத் துடைக்க வாளியும் துடைப்பமுமாக வந்தார். வேலை செய்யும் இடத்தில் யாராக இருந்தாலும் பேச்சுக் கொடுப்பார். பாதித் தமிழ், பாதிச் சிங்களம், மீதிக்குக் கை.

"அனே, என்னா பிள்ளைக்கு? காய்ச்சலா?"

"இல்ல அக்கே. ஒட்டுப்பால் பொரையேறிருச்சு," என்றாள் ராஜேஸ்வரி.

துடைப்பம் தரையில் விழுந்த சத்தம் மழைக்கு மேலே எனக்குக் கேட்டது.

"ஒட்டபாலு?" என்றார் குசுமா அக்கா. "ஒட்டபாலு த?"

ஈரக் கையோடு ஓடிவந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "டொக்டர் மிஸ், இந்தப் பிள்ளை ஒட்டபாலு விழுங்கியிருக்கு. நீங்க வீட்டுக்கா அனுப்புறீங்க?"

"என்ன அது ஒட்டபாலு?" என்று கேட்டேன். சிங்களச் சொல் என்று நினைத்தேன்.

குசுமா அக்கா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "என்னைக் கேக்குறீங்களா? உங்க பாஷைதானே அது! எங்க ஊர்ல எல்லாரும் உங்க ஆட்கள்கிட்ட இருந்துதான் படிச்சோம்."

நான் ராஜேஸ்வரியிடம் திரும்பினேன். "ஒட்டுப்பால்னா என்ன பால்?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டது போல நின்றாள். யசோதாதான் பதில் சொன்னாள். பாவாடை மடிப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

உள்ளங்கையில் ஒரு பழுப்பு உருண்டை. சின்ன நெல்லிக்காய் அளவு. கடித்தது போக மிச்சம், அதில் பல் பதிந்திருந்தது.

பாலுக்காகப் பட்டையை வெட்டிய மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு வெட்டுக் கோட்டிலேயும் சிரட்டை அடியிலேயும் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் ரப்பர். மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்துச் சாக்கில் போட்டுக் கொடுப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். பிள்ளைகள் அதைப் பந்தாகச் சுற்றுவார்களாம்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் யசோதா. "பபிள்கம்முனு சொன்னேன். சும்மாதான். மென்னுக்கிட்டே முட்ட விடுறேன்னு காட்டுனான். நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அப்பத்தான் உள்ள போயிருச்சு."

மழை விட்டிருந்தது. மறுபடியும் குழலை வைத்தேன். இடது பக்கம் காற்று. வலது பக்கம், நெஞ்சிலும் முதுகிலும் அக்குளிலும், ஒன்றுமில்லை. ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது. இருமல் நின்றது குணமானதால் அல்ல. ரப்பர்த் துண்டு மேலே இருந்து கீழே இறங்கி, ஒரு பக்கக் குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் எழுதிய துண்டு இன்னும் ராஜேஸ்வரியின் கையில் இருந்தது. வாங்கிக் கிழித்தேன்.

அழக்கூடாது

குழந்தைகள் விடுதியின் பெரிய டொக்டர் அன்று கேகாலையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போனில் பிடித்தேன். நான் சொன்னதை அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னதெல்லாம் 'செய்யாதே' என்றுதான். தலைகீழாகப் பிடிக்காதே, விரலை விட்டுத் தோண்டாதே, ஊசி குத்தாதே, முகமூடியைக் கட்டாதே. ஒட்சிசனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். கொழும்புக்கு உடனே அனுப்பு, அங்கே குழாய் விட்டு எடுக்க ஆள் இருக்கிறது. நீயும் கூடப் போ.

"முக்கியமானது என்னவென்றால் பிள்ளை அழக்கூடாது. அழுது இருமினால் அது மேலே வரும். மூச்சுக்குழாயில் குறுக்கே நின்றால் இரண்டு பக்கமும் அடைபடும். அம்புலன்சில் வைத்து உன்னால் ஒன்றும் செய்ய முடியாது."

கொழும்புக்கு இரண்டரை மணி நேரப் பாதை. நாலு வயதுப் பையன் அழக்கூடாது.

நோயாளியோடு ஒரு பாதுகாவலர்தான் ஏறலாம் என்பது விதி. ஏறப்போன ராஜேஸ்வரி நின்றாள்.

"டாக்டரம்மா, நான் வரல. இவள கூட்டிட்டுப் போங்க. தெனமும் விடியக்காலைல அஞ்சு மணிக்கே நான் வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போயிர்றேன். இவ சொன்னாத்தான் அவன் கேப்பான். நான் தொட்டா சிணுங்குவான்."

சத்திர சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட எட்டு வயதுப் பிள்ளையால் முடியாது. தாதி விதியைச் சொன்னார். சாரதி பெற்றோல் கணக்கு, இருக்கைக் கணக்கு எல்லாம் சொன்னார். குசுமா அக்கா நடுவே புகுந்து, "இந்தச் சின்னது என்ன, யானையா? மடியில வச்சா போச்சு!" என்று யசோதாவைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். தாயும் பிள்ளைகளும் இருக்கையில். நான் தரையில், ஒட்சிசன் உருளையைக் கட்டிப் பிடித்தபடி.

பத்துக் காம்பரா

"அழவே கூடாது. நீதான் பாத்துக்கணும்," என்று யசோதாவிடம் சொன்னேன்.

"அப்ப சிரிக்க வைக்கட்டுமா?"

"ஐயோ, சிரிக்கவும் வேணாம்."

"அழவும் வேணாம், சிரிக்கவும் வேணாம்னா என்னாதான் செய்றது டாக்டரம்மா?"

அவளே கண்டுபிடித்தாள். தம்பியின் காதோடு வாயை வைத்து, அவர்களுடைய லயத்தை, வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளை, ஒரு முனையிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மொத்தம் பத்துக் காம்பரா, அறைக்கு ஒரு குடும்பம். மொதக் காம்பராவுல யாரு? அவன் பேசக்கூடாது, கண்ணால்தான் பதில். செல்லையா மாமா. அவங்க வீட்டுல இன்னிக்கி என்னா கறி? கருவாடு. வாசல்ல யாரு படுத்திருக்கா? நாயி. நாயி பேரு என்னா? அவன் கண்ணை அகல விரிப்பான். சரி, அடுத்தது ரெண்டாங் காம்பரா.

பத்து முடிந்ததும் மறுமுனையிலிருந்து திரும்பி வருவாள். இந்த முறை ராத்திரி. யார் வீட்டில் விளக்கு அணைந்தது, யார் குறட்டை விடுகிறார்கள்.

நான் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் எழும்பியது. வலது பக்கம் பின்தங்கியது. பாதை வளையும் ஒவ்வொரு முறையும் ஆறு ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போனது. சாரதி குழி பார்த்து ஓட்டினார். வேகமாகப் போங்கள் என்று சொல்லவும் பயம், மெதுவாகப் போங்கள் என்று சொல்லவும் பயம்.

கொழும்பு நெருங்குகிற நேரம் சாவடியில் மறித்தார்கள். பின்கதவு படாரென்று திறந்தது. ஒரு இளம் சிப்பாய், தோளில் துப்பாக்கி. அடையாள அட்டை என்றான். ராஜேஸ்வரியின் அட்டை லயத்தில் இருந்தது. வெட்டுக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மலையிலிருந்து நேராக ஓடி வந்தவளிடம் என்ன அட்டை இருக்கும்?

நிரோஷன் துப்பாக்கியைப் பார்த்தான். உதடு பிதுங்கத் தொடங்கியது.

"பிள்ளை அழக்கூடாது," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன். "ஒட்டபாலு தொண்டைக்குள்ளே போய்விட்டது."

"ஒட்டபாலு?" சிப்பாயின் குரல் சட்டென்று இறங்கியது. "அனே! என் தங்கச்சியும் மெல்லுவாள்." துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்து, சத்தமே இல்லாமல் சாத்தினான். வெளியே அவன் மற்றவர்களிடம் கத்தியது கேட்டது, வழி விடு, வழி விடு என்று.

அந்தச் சொல் அவனுக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. எதிரே வந்த பஸ் ஒன்று பக்கத்தில் வைத்து ஹோர்ன் அடித்தது. நிரோஷன் திடுக்கிட்டான், இருமினான். ஒன்று, இரண்டு, மூன்றாவது பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. நெஞ்சு இரண்டு பக்கமும் எழும்பவில்லை. உதடு ஈயத்தின் நிறத்துக்கு வந்தது.

ராஜேஸ்வரி "ஐயோ" என்று வாய் திறந்து, தன் கையாலேயே அதைப் பொத்திக்கொண்டாள். நான் அவனை முன்னால் சாய்த்துப் பிடித்தேன். முதுகில் தட்டக் கையை ஓங்கினேன். தட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்ன என்று தெரியாத ஒரு கணம். யசோதா மட்டும் நிறுத்தவில்லை. "ஏழாங் காம்பராவுல யாரு? ஏழாங் காம்பராவுல யாருடா? சொல்லு, யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் தட்டினேன். அவன் இன்னொரு முறை இருமினான். பிறகு ஒரு நீண்ட விசில். காற்று உள்ளே போகிற சத்தம். அது எந்தப் பக்கம் போனது என்று எனக்குக் கவலையில்லை.

ஏழாம் காம்பரா அவர்களுடையதுதான் என்று பிறகு தெரிந்தது.

யார் கேட்டு எழுதியது?

கொழும்பில் எங்களை வாசலிலேயே எதிர்பார்த்து நின்றார்கள். சத்திர சிகிச்சை நிபுணர் என் குறிப்பைப் புரட்டினார். அதில் 'டின்பால் புரையேறியது' என்ற என் முதல் வரி. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் என் கையெழுத்து, திருத்திய நேரம். அழித்து எழுதக்கூடாது, ஒற்றைக் கோடுதான் போட வேண்டும் என்பது முறை. கோட்டுக்கு அடியில் எல்லாமே தெளிவாக வாசிக்க முடியும்.

"இதைக் கேட்டு எழுதியது யார்?"

"நான்தான், சேர்."

"மொழிபெயர்க்க ஆள் இருக்கவில்லையா?"

"என் தாய்மொழி தமிழ், சேர்."

அவர் குறிப்பை மூடினார். பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் யசோதா கூடவே ஓடினாள், ஒன்பதாம் காம்பரா வரைக்கும் வந்திருந்தாள்.

நாங்கள் மூவரும் வெளியே வாங்கில் உட்கார்ந்தோம். எத்தனை நிமிடம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். ராஜேஸ்வரி முன்கையில் காய்ந்திருந்த பாலை நகத்தால் உரித்து உரித்துக் கைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பளபளத் தரையில் போட மனமில்லாமல்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உள்ளே என்ன ஆனாலும், அதற்கு முன்பே.

"அக்கா, நீங்க மொதல்ல சொன்னது எனக்கு விளங்கல. டின்பால்னு நெனச்சிட்டேன். ஒன்றரை மணித்தியாலம் அதுல போயிருச்சு."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க தலையாட்டுனீங்களே டாக்டரம்மா," என்றாள். "அதுனாலதான் நான் ரெண்டாந்தரம் சொல்லல. சிங்கள டாக்டருன்னா நாலு தரம் சொல்லிருப்பேன். கையக் காட்டி, மரத்தக் காட்டி, எப்புடியாச்சும் புரிய வச்சிருப்பேன். நம்ம ஆளாச்சேன்னு விட்டுட்டேன்."

மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய வேளையில் கதவு திறந்தது. ஒரு தாதி சிறிய கண்ணாடிப் போத்தலைக் காட்டினார். கடலை அளவில், பழுப்பாக, அதுதான். முழுதாக வந்துவிட்டதாம். பிள்ளை கண் விழிக்கிறான், உள்ளே வரலாம்.

நிரோஷன் கட்டிலில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தான். தாயைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். முகம் கோணியது. பிறகு வீறிட்டு அழத் தொடங்கினான். அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. நான் ஓடிப்போய்க் குழலை வைத்தேன். இரண்டு பக்கமும் காதை அடைக்கிற மாதிரிக் கேட்டது.

யசோதா பதறிப்போய் அவன் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். "அழாதடா, அழாதடா! டாக்டரம்மா ஏசுவாங்க!"

"விடு," என்றேன். "இப்ப அழலாம்."

"நெசமாவா?"

"நெசமா. எவ்வளவு வேணும்னாலும் அழலாம்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே இருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அவள் தரையில் அப்படியே குந்தி, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.